செகண்ட் ஹேண்ட் கீ கேஸ்: முதலில் திறந்து பாருங்கள்

பிரெஞ்சு ஆடம்பர பிராண்டான லூயி வுய்ட்டானின் பழைய கீ கேஸ், அதாவது சாவிகளைக் கொக்கியில் மாட்டி மடித்து மூடும் சிறு உறை, விற்பனைக்கு வந்தால் எல்லோர் கண்ணும் மேலே உள்ள மோனோகிராம் (எல்வி எழுத்துச் சின்னம்) மீதுதான் போகும். அந்த மேல்புறம் அவ்வளவு சீக்கிரம் கெடாது. பலரும் நினைப்பதுபோல அது தோலும் அல்ல, பருத்தித் துணிமேல் பிவிசி பூசிய கேன்வாஸ். எபி போன்ற தோல் வகை என்றால்தான் மேல்புறமும் தோல். இரண்டிலுமே சேதம் முதலில் தெரிவது உள்ளேதான். அதனால் மூடிய படத்தை மட்டும் அனுப்புகிறவரிடம், திறந்து வைத்து பகல் வெளிச்சத்தில் எடுத்த படம் கேளுங்கள்.

முதல் எதிரி பிசுபிசுப்பு. பழைய கேஸ்கள் சிலவற்றில் உள்பக்கம் பாலியூரித்தேன் என்ற பிளாஸ்டிக் பூச்சு இருக்கும். காற்றின் ஈரம் அந்தப் பூச்சை மூலக்கூறு அளவிலேயே உடைத்துவிடும். பிறகு அது கையில் ஒட்டும், சாவியில் ஒட்டும், கடைசியில் செதில் செதிலாக உரியும். துடைத்தால் சரியாகிவிடும் என்று விற்பவர் சொன்னால் நம்ப வேண்டாம். டால்கம் பவுடர் போட்டால் சில நாள் ஒட்டாது, அவ்வளவுதான். மும்பை தாராவியில் நம் தமிழர்கள் நடத்தும் தோல் பட்டறைகளில் உள்துணியைப் பிரித்துப் புதுத்தோல் வைக்க முடியும். ஆனால் வெளியாள் கை வைத்த பொருளை பிராண்டுக் கடைகள் பொதுவாகப் பழுதுபார்க்க ஏற்காது. மறுபடி விற்கும்போதும் விலை விழும். ஆகவே ஒட்டுகிற கேஸை வாங்காமல் விடுவதே மேல்.

அடுத்தது கொக்கிகள். நாலு கொக்கி, ஆறு கொக்கி என்று இரண்டு அளவும் பரவலாகக் கிடைக்கும். ஒவ்வொரு கொக்கியையும் அழுத்தித் திறந்து விடும் வீடியோ பத்து விநாடி இருந்தால் போதும். விட்டவுடன் தானாக மூட வேண்டும். பாதியில் நின்றால் ஸ்பிரிங் தளர்ந்துவிட்டது, ஓடும் ரயிலில் சாவி நழுவிவிடும். கொக்கித் தகட்டைப் பிடித்து நிற்கும் ரிவெட் ஆடுகிறதா, சுற்றிப் பச்சை படிந்திருக்கிறதா என்றும் பாருங்கள். பித்தளையில் ஈரமும் வியர்வையும் சேர்ந்தால் வரும் களிம்பு அது. லேசானதைத் துடைத்துவிடலாம். தோலுக்கு அடியில் இறங்கியிருந்தால் ரிவெட் அரிக்கத் தொடங்கிவிட்டது என்று அர்த்தம். பிரஸ் பட்டன் ‘டக்’ என்று மூட வேண்டும். பட்டனைச் சுற்றிக் கீறல் இருந்தால், முன்பு வைத்திருந்தவர் சாவிகளைத் திணித்திருக்கிறார்.

உள்ளே பதித்திருக்கும் தேதிக் குறியீட்டையும் படிக்கத் தெரிந்துகொள்ளுங்கள். இரண்டு எழுத்து தொழிற்சாலையைச் சொல்லும், நாலு எண் தேதியைச் சொல்லும். 1990 முதல் 2006 வரை 1, 3ஆம் எண்கள் மாதம், 2, 4ஆம் எண்கள் ஆண்டு: 0949 என்றால் 1999 ஏப்ரல். 2007 முதல் மாதத்துக்குப் பதில் வாரம். சிஏ 1089 என்றால் 2009இன் 18ஆவது வாரம், ஸ்பெயின் தயாரிப்பு. அதே கேஸில் ‘மேட் இன் பிரான்ஸ்’ என்று இருந்தால் அங்கேயே பேச்சை முடித்துக்கொள்ளலாம். 2021இல் குறியீட்டை நிறுத்திவிட்டு உள்ளே மின்னணு சிப் வைக்கத் தொடங்கினார்கள். குறியீடு சரியாக இருப்பதால் மட்டும் பொருள் அசல் ஆகிவிடாது, போலி செய்கிறவருக்கும் இந்தக் கணக்கு தெரியும்.

அளவு விஷயத்தில்தான் பலர் கோட்டை விடுகிறார்கள். உங்களிடம் உள்ள மிக நீளமான சாவியை, ஓட்டையிலிருந்து நுனி வரை ஸ்கேலில் அளந்துகொள்ளுங்கள். கொக்கி முனையிலிருந்து கேஸின் கீழ் மடிப்பு வரை எத்தனை சென்டிமீட்டர் என்று விற்பவரிடம் கேளுங்கள். அரை சென்டிமீட்டராவது மிச்சம் வேண்டும், இல்லாவிட்டால் நுனி மடிப்பைக் குத்திக் கிழிக்கும். ஆறு கொக்கி இருந்தாலும் தடித்த கதவுச் சாவிகள் நாலுக்கு மேல் வேண்டாம். ஸ்கூட்டர் சாவியின் பிளாஸ்டிக் தலை உள்ளே அடங்காது, அதைத் தனி வளையத்தில் போடுங்கள்.

தாதரிலோ மாட்டுங்காவிலோ நேரில் பார்த்து வாங்குவதாக இருந்தால், வீட்டுச் சாவிகளையே எடுத்துப் போங்கள். எல்லாவற்றையும் மாட்டி, மூடி, பட்டன் போட்டுப் பார்த்த பிறகு பணத்தைக் கொடுங்கள்.