84 வகுத்தல் 12

"சார், வெள்ளையணுவுல நியூட்ரோஃபில் 84-ஐ லிம்போசைட் 12-ஆல வகுத்தா 7 வருது. இந்த விகிதம் 4-க்கு மேல போனா நல்லதில்லையாமே?"

அப்பாவின் ரிப்போர்ட்டும் கையில் செல்போனுமாக எங்கள் லேப் கவுன்டரில் நின்ற அந்தத் தம்பிக்கு நான் சொன்னது இவ்வளவுதான்: "நேத்து கீமோவுக்கு முன்னாடி டெக்ஸா ஸ்டீராய்டு போட்டிருக்காங்கல்ல? அது போட்டா நியூட்ரோஃபில் ஏறும், லிம்போசைட் இறங்கும். இன்னைக்கு எடுத்த ரத்தத்தை வச்சுக் கணக்குப் போடாதீங்க."

இதில் ஒரு வார்த்தைகூடப் பொய் இல்லை. ரத்தக்குழாய்ச் சுவரில் ஒட்டிக்கிடக்கும் நியூட்ரோஃபில்களை டெக்ஸாமெதசோன் ஓட்டத்தில் இறக்கிவிடும். வாந்தி வராமலிருக்கப் போடும் அந்த ஒரு ஊசியே விகிதத்தைப் புரட்டப் போதும்.

ஆனால் அதே தாளில் கீழே, அழற்சி இருந்தால் ஏறும் சிஆர்பி 46, ரத்தப் புரதமான ஆல்புமின் 2.8 என்று இருந்தது. அவன் விரல் அங்கே போகவில்லை, என் கண் போனது. டெக்ஸா சிஆர்பியை ஏற்றாது, இறக்கத்தான் பார்க்கும். கிளாஸ்கோ மருத்துவர்கள் 2003-ல் நுரையீரல் புற்றுநோயாளிகளை வைத்துப் போட்ட கணக்கு ஒன்று உண்டு. சிஆர்பி 10-க்கு மேலும் ஆல்புமின் 3.5-க்குக் கீழும் சேர்ந்து வந்தால் மதிப்பெண் 2. அதில் அதைவிட மோசமான மதிப்பெண் கிடையாது.

சரி, அதையும் சொல்லியிருக்க வேண்டுமா? எண்ணைக் கொடுப்பது லேபின் வேலை, பலன் சொல்வது டாக்டரின் வேலை. அப்படிப் பார்த்தால் டெக்ஸாவைப் பற்றியும் நான் வாய் திறந்திருக்கக் கூடாது. திறந்தேன். அதுவும் ஆறுதலான பாதிக்கு மட்டும்.

அவன் அப்பாவுக்கு இரைப்பைப் புற்றுநோய். கஞ்சிகூட இறங்காதவருக்கு ஆல்புமின் எங்கிருந்து ஏறும்? ஊசி போட்ட இடத்தில் சீழ் வைத்தாலும் சிஆர்பி ஏறும். இப்படி ஒவ்வொன்றுக்கும் காரணம் சொல்லிவிடலாம். விகிதம், சிஆர்பி, ஆல்புமின் மூன்றுக்கும் தனித்தனியாகத் தேட வேண்டியிருந்ததுதான் உறுத்தல். கட்டி கிளப்பும் அழற்சி ஒன்றே மூன்றையும் செய்யும். அழற்சியைத் தூண்டும் ஐஎல்-6 என்ற புரதம் ஏறினால் ஈரல் சிஆர்பியைக் கொட்டும், ஆல்புமின் உற்பத்தியைக் குறைத்துக்கொள்ளும்.

அந்த 4-உம் அவன் நினைத்த மாதிரி கோடு இல்லை. நூறு ஆய்வுகளையும் நாற்பதாயிரத்துக்கு மேற்பட்ட நோயாளிகளையும் சேர்த்துப் பார்த்த 2014-ஆம் ஆண்டுத் தொகுப்பில், ஆய்வுக்கு ஆய்வு மாறிய எல்லைகளின் நடு எண் அது. எல்லையைத் தாண்டியவர்களுக்கு மரண அபாயம் சுமார் 1.8 மடங்கு. ஆனால் அது கும்பலின் கணக்கு. இவன் அப்பா எந்தப் பக்கம் என்று அது சொல்லாது. இதை கவுன்டரில் நின்றபடி, பின்னால் வரிசை நெளிய, எப்படிச் சொல்வது? சொல்லாததற்கு இது நல்ல காரணம்தான். ரொம்ப வசதியான காரணமும்கூட.

அடுத்த கீமோவுக்கு முன் எடுத்த ரிப்போர்ட்டோடு அவன் திரும்ப வந்தான். விகிதம் 6-ஐத் தாண்டியிருந்தது. "டெக்ஸா போட்டதாலதானே சார்?" என்றான். போட்டு மூன்று வாரம் ஆகியிருந்தது, அத்தனை நாள் அதன் வேலை நீடிக்காது. "டாக்டர்கிட்ட காட்டுங்க தம்பி" என்றேன். என் முகத்தைக் கொஞ்ச நேரம் பார்த்துவிட்டுத் தாளை மடித்துப் பையில் வைத்துக்கொண்டான்.

முதல் நாளே அப்படிச் சொல்லியிருக்கலாம் என்கிறார் லேபில் கூட வேலை பார்க்கும் அக்கா. எனக்கு அது பிடிபடவில்லை. பயந்து நிற்பவனிடம் தெரிந்த உண்மை ஒன்றைச் சொல்வது எப்படித் தப்பாகும்? இப்போதும் யாராவது விகிதத்தைப் போட்டுக்கொண்டு வந்தால், ஸ்டீராய்டு போட்டார்களா என்றுதான் முதலில் கேட்கிறேன். இல்லை என்று பதில் வந்தால் அடுத்து என்ன சொல்வது என்பதை மட்டும் இன்னும் முடிவு செய்யவில்லை.