கல்கணப்பு: சாயங்காலம் ஒரு முறை எரித்தால் மறுநாள்வரை சூடு

அடுப்பை விட்டு இறக்கிய பிறகும் கல்சட்டியில் குழம்பு கொதித்துக்கொண்டிருக்கும். வீட்டைச் சூடாக்க விறகு எரிக்கும் கல்கணப்பு செய்வதும் அதே வேலைதான். சட்டிக்குப் பதில் ஒன்றரை, இரண்டு டன் கல். உள்ளே ஃபயர்பிரிக் என்கிற சூடு தாங்கும் செங்கல்லால் தீக்கூடு, அதைச் சுற்றிப் புகை வளைந்து இறங்கி ஏறும் பாதைகள், வெளியே செங்கலோ, அந்தக் கல்சட்டி செய்கிற மாக்கல்லோ.

ஜொகன்னஸ்பர்க்கில் ஜூன், ஜூலையில்தான் உச்சக் குளிர். பகலில் நல்ல வெயில். ஐந்தரைக்குப் பொழுது சாய்ந்ததும் நம்மவர்கள் நிறைய வாழும் லெனேசியா பகுதியின் தகரக்கூரை வீடுகளுக்குள் குளிர் இறங்கிவிடும். இரும்பு அடுப்பு எரியும்வரைதான் சுடும். கல்கணப்பில் 10 கிலோ காய்ந்த விறகு எரித்தால் சுமார் 40 யூனிட் வெப்பம். அதில் முக்கால்வாசி கல்லில் தங்குகிறது என்று வைத்துக்கொண்டால், ஒன்றரை கிலோவாட் ஹீட்டர் 20 மணி நேரம் ஓடியதற்குச் சமம். மின்வெட்டு நாளிலும் இதற்குக் குறைவில்லை.

புதுக் கணப்பைக் கல்சட்டி மாதிரியே பழக்க வேண்டும். கட்டி முடித்ததும் கதவையும், புகைபோக்கியை அடைக்கும் தகடான டேம்பரையும் திறந்து வைத்து மூன்று, நான்கு வாரம் காய விடுங்கள். காரைக்குள் இருக்கும் தண்ணீர் அவ்வளவு. பிறகு முதல் நாள் ஒரு கிலோ சுள்ளி, அடுத்த நாள் இரண்டு என்று கூட்டிக்கொண்டே போய்ப் பத்தாம் நாள் முழு அளவுக்கு வரலாம். கதவுக் கண்ணாடியில் நீர் கோத்தாலோ மேல்பூச்சில் ஈரத்திட்டு தெரிந்தாலோ அன்றைய அளவிலேயே இரண்டு நாள் நில்லுங்கள். அவசரப்பட்டால் உள்ளே நீராவி அடைபட்டுக் காரை பிளக்கும். மேல்பூச்சில் மயிரிழை விரிசல் விழுவது சகஜம், அதற்காகக் கொத்தனாரைக் கூப்பிட வேண்டாம். புகை கசிகிற விரிசல்தான் கவலைக்குரியது.

விறகில்தான் பெரும்பாலோர் சறுக்குகிறார்கள். பெட்ரோல் பங்க்கில் மூட்டையாக விற்கும் பிராய் விறகு, அதாவது திறந்த வெளியில் இறைச்சி சுடும் விறகு, பெரும்பாலும் செக்கல்போஸ் மாதிரி வைரம் பாய்ந்த கட்டை. இறைச்சி சுட அருமை, ஏனென்றால் கங்கு நீண்ட நேரம் நிற்கும். கல்கணப்புக்கு அதுவேதான் குறை. கங்கு தீரும்வரை டேம்பரை மூட முடியாது, அதுவரை சேர்த்த சூடு புகைபோக்கி வழியே போய்க்கொண்டிருக்கும். நீலகிரியில் சீகை மரம் என்பார்களே, அந்த வாட்டில், அல்லது ப்ளூ கம் என்கிற தைலமரம், இரண்டையும் 7 முதல் 10 செ.மீ. கனத்துக்குப் பிளந்து வாங்குங்கள். வாட்டில் இங்கே காட்டை விழுங்கும் அந்நிய மரம், வெட்டினால் நல்லதுதான். ஒட்டகமுள் மரம் சட்டப்படி பாதுகாக்கப்பட்டது, எங்கிருந்து வந்தது என்று தெரியாமல் வாங்காதீர்கள். பச்சை சாயல் அடிக்கும் பழைய வேலிக் கம்பங்களைத் தொடவே வேண்டாம். பூச்சி அரிக்காமலிருக்க ஏற்றிய மருந்தில் ஆர்சனிக் உண்டு. எரித்தால் புகையிலும் சாம்பலிலும் அது வரும்.

ஈரம் 20 விழுக்காட்டுக்குக் கீழே இருக்க வேண்டும். ஈரம் அளக்கும் மீட்டரை வெளிப்பக்கத்தில் குத்தினால் பொய் சொல்லும், கட்டையைப் பிளந்து புது முகத்தில் குத்துங்கள். இன்னொரு சிக்கலும் உண்டு. மீட்டர் காட்டுவது பெரும்பாலும் உலர்ந்த கட்டையின் எடைக்கு எதிரான கணக்கு, அதில் 25 என்றால் மொத்த எடைக்கு 20. மீட்டர் இல்லையா? 500 கிராம் துண்டைச் சிறு சிராய்களாகப் பிளந்து, 105 டிகிரி சூட்டில் ஓவனுக்குள் எடை குறைவது நிற்கும்வரை வையுங்கள். 400 கிராமில் நின்றால் ஈரம் சரியாக 20. ஜொகன்னஸ்பர்க் இருக்கும் ஹைவெல்ட் மேட்டுநிலத்தில் மழை கோடையில்தான். அதனால் மழைக்காலம் முழுக்க விறகு மேலே மூடியும் பக்கவாட்டில் காற்றாடவும் இருக்க வேண்டும்.

மூட்டுவது மேலிருந்து. தடித்த துண்டுகள் கீழே, இடையில் ஒரு விரல் சந்து, அவற்றின் மேல் குறுக்கும் நெடுக்குமாகச் சுள்ளி, உச்சியில் சுருட்டிய காகிதம். தழல் மேலே இருப்பதால் கீழிருந்து கிளம்பும் புகை தழலுக்குள் நுழைந்து எரிந்துபோகும். ஊர் 1,750 மீட்டர் உயரத்தில் இருக்கிறது, காற்றழுத்தம் கடல்மட்டத்தைவிட ஐந்தில் ஒரு பங்கு குறைவு. கடலோர டர்பனில் நன்றாக இழுக்கும் அளவில் கட்டிய புகைபோக்கி இங்கே திணறும், கட்டும்போதே அகலத்தையும் உயரத்தையும் கூட்டச் சொல்ல வேண்டும். பருவத்தின் முதல் நாள் புகைபோக்கிக்குள் குளிர்ந்த காற்று அடைத்து நிற்கும். துப்புரவுக் கதவைத் திறந்து ஒரு தாள் கொளுத்திப் பிடித்தால் இழுவை பிறக்கும்.

பற்றியதும் காற்றைக் குறைக்காதீர்கள். இரும்பு அடுப்பில் பழகிய கை தானாகவே காற்றுத் துளையைப் பாதி மூடப் போகும். இங்கே அது தப்பு. முழுக் காற்றில், வேகமாக, ஒன்றரை இரண்டு மணி நேரத்தில் எரிந்து தீர வேண்டும். அமுக்கி எரித்தால் கண்ணாடி கறுக்கும், புகைப்பாதையில் தார் படியும், கல்லும் சரியாகச் சூடேறாது. சூடு போதவில்லை என்று உடனே இன்னொரு சுமை போடுவதும் கூடாது. வெப்பம் வெளிச்சுவருக்கு வந்துசேரவே இரண்டு, மூன்று மணி நேரம் ஆகும். அதற்குள் மறுபடி எரித்தால் உள்கூடு அளவு மீறி விரிந்து பிளக்கலாம். ஒன்பது மணிக்குக் கூடம் கதகதப்பாக வேண்டுமென்றால் ஐந்து மணிக்கே மூட்டிவிடுங்கள்.

டேம்பரை மூடும் நேரம் உயிர் சம்பந்தப்பட்டது. சுடர் அடங்கியதும் விளக்கை அணைத்துவிட்டுக் கங்கைப் பாருங்கள். அதன் மேல் மெல்லிய நீலச் சுடர் ஆடும். எரிந்துகொண்டிருப்பது கார்பன் மோனாக்சைடு என்கிற நச்சுவாயு. டேம்பரை மூடினால் அதுவேதான் எரியாமல் வீட்டுக்குள் திரும்பும், வாசனை கிடையாது. நீலம் ஒரு துளிகூட இல்லாமல், கிளறினாலும் தலைகாட்டாமல், கங்கு மங்கிச் சாம்பல் போர்த்த பிறகே மூட வேண்டும். ஒரு கட்டை மட்டும் தீராமல் கிடந்தால் இடுக்கியால் இரும்பு வாளிக்கு எடுத்து, மூடிபோட்டு வெளியே வைத்துவிடுங்கள். படுக்கும் அறைப் பக்கம் கார்பன் மோனாக்சைடு அலாரம் ஒன்று கட்டாயம். சந்தேகம் இருந்தால் டேம்பர் இரவு முழுக்கத் திறந்தே கிடக்கட்டும். சூடு கொஞ்சம் போகும், போகட்டும்.

பராமரிப்பு குறைவுதான். சாம்பலை இரும்பு வாளியில் அள்ளி, மூடி, சிமெண்ட் தரையில் வையுங்கள். அணைந்தது போலத் தெரியும் கங்கு இரண்டு நாள் கழித்தும் பற்றவைக்கும். கண்ணாடிக்கு ஈரக் காகிதத்தில் கொஞ்சம் சாம்பல் தொட்டுத் துடைத்தால் போதும். புகை கசியாமலிருக்கக் கதவு விளிம்பில் பதித்த கயிறு இறுக்கமாக இருக்கிறதா என்று பார்க்க, காகிதத் துண்டை வைத்துக் கதவைச் சாத்தி இழுங்கள். வழுக்கிக்கொண்டு வந்தால் கயிறு மாற்ற வேண்டும்.

புகைபோக்கியையும் வளைபாதைகளையும் கூட்டிச் சுத்தம் செய்வதைப் பலர் குளிருக்கு முன் ஏப்ரலில் வைத்துக்கொள்கிறார்கள். செப்டம்பரில் செய்வதே மேல். அக்டோபரில் மழை தொடங்கிக் கரியில் ஈரம் ஊறினால், கோடை முழுக்கக் கூடத்தில் புளித்த கரி நாற்றமடிக்கும், காரையும் அரிக்கும். ஏப்ரலில் பார்க்க வேண்டியது மைனாக் கூடு. நம்மைப் போலவே இந்தியாவிலிருந்து வந்து இங்கே குடியேறிய பறவை. வலை போட்ட தொப்பி இல்லாத புகைபோக்கி அதற்குச் சொந்த வீடு. முதல் தீ மூட்டும் முன் டார்ச் அடித்து மேலே ஒரு பார்வை பாருங்கள்.