வாட்சுக்குள் புகுந்த மூடுபனி

நவம்பர் 8, குன்னூர்

விடிகாலை ஷிப்டுக்குக் கிளம்பும்போது மணி பார்க்க வாட்சின் லைட் பொத்தானை அழுத்தினேன். பச்சை வெளிச்சம் வந்தது, எண்கள் மறைந்துவிட்டன. விரலை எடுத்த பிறகு மெதுவாகத் திரும்பி வந்தன. பேட்டரி முடியப்போகிறது. குளிரில் இது இன்னும் சீக்கிரம் தெரியும். பேட்டரி குளிர்ந்திருந்தால் கேட்ட அளவு மின்சாரத்தை உடனே கொடுக்காது. லைட் இழுத்துக்கொண்டால் திரைக்கு மிச்சமில்லை.

கேசியோ எஃப்-91டபிள்யூ. 1989-ல் வந்த மாடல், இன்றும் அதே உருவத்தில் விற்கிறார்கள். தேயிலைத் தொழிற்சாலையில் எனக்கு இது இல்லாமல் ஆகாது. அரைத்த இலை காற்றுப்பட்டு நிறம் மாற பெர்மென்டிங்கில் கிடக்கும் நேரத்தை இதன் ஸ்டாப்வாட்சில்தான் பிடிப்பேன். பத்து நிமிஷம் தவறினால் டீயின் நிறமே மாறிவிடும்.

இரண்டு வருஷம் முன்பு ஒரு கடையில் பேட்டரி மாற்றினேன். ஐந்து நிமிஷத்தில் கொடுத்துவிட்டார்கள். அந்த வாரமே கண்ணாடியில் ஆவி. சட்டையில் எத்தனை முறை துடைத்தாலும் போகவில்லை, உள்பக்கம் படிந்திருந்தது. இந்த முறை யாரிடமும் கொடுப்பதாக இல்லை.

நவம்பர் 9

மார்க்கெட்டில் பேட்டரி வாங்கினேன். கடைக்காரர் முதலில் எடுத்துத் தந்தது சி.ஆர். 2025. “எல்லாம் ஒண்ணுதாங்க” என்றார். ஒன்றில்லை. வேண்டியது 2016. முதல் இரண்டு எண் குறுக்களவு, 20 மில்லிமீட்டர். அடுத்த இரண்டு தடிமன்: 16 என்றால் 1.6 மில்லிமீட்டர், 25 என்றால் 2.5. இரண்டுமே 3 வோல்ட்தான். ஆனால் தடித்ததை உள்ளே திணித்தால் மூடி உட்காராது. எடுத்துச் சொன்னதும் முகம் சுளிக்காமல் தேடிக் கொடுத்தார். 40 ரூபாய்.

நவம்பர் 12

மூன்று நாளாக மழை விடவில்லை. ஊட்டியில் ஆடி மாதம் கொட்டினால் எங்களுக்கு ஐப்பசி, கார்த்திகை. துவைத்த துணி காயாத இந்தக் காற்றில் வாட்சைத் திறந்தால், அந்த ஈரத்தையும் சேர்த்துத்தான் மூடுவேன். வீட்டின் வெதுவெதுப்பில் அது தெரியாது. விடிகாலைக் குளிர் பட்டதும் கண்ணாடியில் துளியாக இறங்கும். தொழிற்சாலையில் டீயை உலர்த்தும் டிரையர் பக்கம் வைத்துத் திறக்கலாமா என்றுகூட யோசித்தேன். அங்கே டீத்தூசி பறக்கும், வேண்டாம். காத்திருக்கிறேன். திரை இன்னும் மங்கிவிட்டது.

நவம்பர் 14

வெயில்! பதினோரு மணிவரை மேசையை ஜன்னலோரம் காயவிட்டேன். வெள்ளைத் துண்டு விரித்தேன், கறுப்புத் துண்டில் திருகாணி விழுந்தால் தேட முடியாது.

பின்மூடியில் நான்கு திருகாணி. ஸ்டார் முனை சரியாகப் பொருந்தும் ஸ்க்ரூ டிரைவர்தான் வேண்டும். முனை வழுக்கினால் தலை மழுங்கிவிடும், பிறகு கழற்றுவது பெரும்பாடு. அழுத்தம் முக்கால், திருகல் கால்.

மூடியைத் தூக்கியதும் குற்றவாளி தெரிந்தது. சுற்றிலும் ஓடும் கறுப்பு ரப்பர் வளையம் ஒரு மூலையில் பள்ளத்தை விட்டு ஏறி, மூடிக்கும் உடம்புக்கும் நடுவில் நசுங்கி, நூல் மாதிரி தட்டையாகிக் கிடந்தது. மொத்தமே அரை சென்டிமீட்டர் இருக்கும். இரண்டு வருஷமாக மூடுபனி வந்துபோனது அந்த வழியில்தான். நல்லவேளை, அறுபடவில்லை. துடைத்து, எங்கள் ஃபிட்டர் அண்ணன் கொடுத்த சிலிக்கான் கிரீஸை விரல் நுனியில் தொட்டு, பளபளப்பு தெரியும் அளவுக்கு மட்டும் தடவி, பள்ளத்தில் படுக்க வைத்தேன்.

பேட்டரியைப் பிடித்திருக்கும் தகட்டின் கொக்கியை நெம்பினால் திறந்துகொள்கிறது. புதியதைக் கூட்டல் குறி மேலே தெரியும்படி வைத்தேன். பக்கத்தில் ‘ஏ.சி.’ என்று எழுதிய சின்னப் புள்ளி இருக்கிறது. அதையும் பேட்டரியின் மேல்பரப்பையும் உலோக இடுக்கியால் இரண்டு விநாடி சேர்த்துத் தொட வேண்டும். இதைச் செய்யாவிட்டால் சில சமயம் எண்கள் தாறுமாறாக நிற்கும்.

பழைய பேட்டரியின் இருபக்கமும் டேப் ஒட்டி, பரண்மேல் டப்பாவில் போட்டேன். தங்கச்சி மகன் தவழும் பருவம். இது தொண்டையில் சிக்கினால் இரண்டே மணி நேரத்தில் உள்ளே சதையை அரித்துவிடும், சார்ஜ் தீர்ந்ததாக இருந்தாலும் சரி. விழுங்கியதாகச் சந்தேகம் வந்தாலே ஆஸ்பத்திரிக்கு ஓட வேண்டும்.

வலது பொத்தானை மூன்று விநாடி அழுத்தினேன். திரையில் கம்பெனி பெயர் வந்தது. தேதி, கிழமை எல்லாம் வைத்தாயிற்று.

நவம்பர் 15

அலாரம் அடிக்கவில்லை. ஷிப்டுக்கு அரை மணி தாமதம். பொத்தானை அழுத்தினாலும் சத்தமில்லை.

மாலையில் யோசித்துப் பார்த்தபோது புரிந்தது. சத்தம் எழுப்பும் வட்டத் தகடு பின்மூடியில் ஒட்டியிருக்கிறது. அதற்கு மின்சாரம் கொண்டுபோவது உள்ளே ஒரு துளையில் நிற்கும் ஸ்பிரிங். எறும்பு நீளம்தான் இருக்கும். மூடியைத் தூக்கும்போது அது எகிறியிருக்க வேண்டும்.

“அப்பா, துண்டை நான் இன்னும் உதறல” என்றாள் மகள். மடிப்புக்குள் இருந்தது! டார்ச் அடித்து அவள்தான் கண்டுபிடித்தாள்.

நவம்பர் 16

காலையில் கொஞ்ச நேரம் வெயில். மறுபடி நான்கு திருகாணி. ஸ்பிரிங்கைத் துளையில் நிறுத்தி, ரப்பர் வளையத்தை விரலால் ஒரு சுற்று தடவிப் பார்த்து, திருகாணிகளை மூலைக்கு மூலை மாற்றி மாற்றி இறுக்கினேன். பொத்தானை அழுத்தினேன். பீப்.

நவம்பர் 20

விடிகாலை கடுங்குளிர், பத்தடிக்கு அப்பால் பாதை தெரியவில்லை. மணி பார்த்தேன், கண்ணாடி மங்கியிருந்தது. நெஞ்சு திக்கென்றது. கட்டைவிரலால் துடைத்தேன். போய்விட்டது. 3:52.