முடி அளவு விரிசல்

மெக்கானிக் அண்ணன் லென்ஸைக் கையில கொடுத்து, "இங்க பாருங்க தம்பி"ன்னார்.

கப்பலூர் பட்டறை. எங்க பழைய லாரியோட இசிஎம், அதாவது இன்ஜினைக் கட்டுப்படுத்துற கம்ப்யூட்டர் பெட்டி, அதுக்குள்ள இருக்கிற போர்டு. ஒரு சால்டர் (ஈயப் பத்தவைப்பு) புள்ளியைச் சுத்தி முடி அளவு விரிசல். இன்ஜின் சூடேறினா அது விலகும், வண்டி நின்னுடும். ஆறினா ஒட்டிக்கும். சென்சார், வயரிங்னு எவ்வளவு மாத்தினோம்! வண்டியையே எடைக்குப் போடச் சொன்னவங்களும் உண்டு.

புதுப் பெட்டியை மாட்டினா மட்டும் போதாது. இன்ஜினுக்குள்ள டீசலைப் பீச்சுற ஒவ்வொரு இன்ஜெக்டர் தலையிலயும் பொறிச்சிருக்கிற குறியீட்டை, லேப்டாப்ல இருக்கிற மென்பொருள் வழியாப் பெட்டியில ஏத்தணும். அப்பதான் எந்த இன்ஜெக்டருக்கு எவ்வளவு டீசல்னு பெட்டிக்குத் தெரியும். அப்பா கரியைத் துடைச்சுத் துடைச்சு ஒவ்வொரு எழுத்தா வாசிச்சார், நான் எழுதினேன்.

நல்ல இன்ஜின். உள்ளங்கை அகலப் போர்டுக்காக அதை எடைக்குப் போடச் சொல்றதை என்னால ஏத்துக்க முடியலை. இந்த மென்பொருளும் பயிற்சியும் சின்னப் பட்டறைகளுக்கும் கிடைக்கணும்.