மூன்று கொலைக் கதைகளில் முதல் கதை

1955இல் வந்த ‘த்ரீ கேசஸ் ஆஃப் மர்டர்’ என்ற பிரிட்டிஷ் படத்தை நான் போட்டுப் பார்த்தது அமெரிக்க நடிகர், இயக்குநர் ஆர்சன் வெல்ஸுக்காகத்தான். போஸ்டரில் அவர் முகம்தானே பெரிதாக இருக்கிறது! மூன்று குட்டிக் கதைகள், மூன்று இயக்குநர்கள். வெல்ஸ் வருவதோ கடைசிக் கதையில். ஆனால் அவர் வருவதற்கு வெகு முன்பே, முதல் கதையிலேயே படம் என்னைப் பிடித்துக்கொண்டது.

ஒரு மியூசியம். அங்கே வழிகாட்டியாக வேலை பார்க்கும் ஜார்விஸ் ஒரு நிலக்காட்சி ஓவியத்தின் மேல் உயிரையே வைத்திருக்கிறார். மரங்களுக்கு நடுவே ஒரு இருண்ட வீடு, அவ்வளவுதான் ஓவியம். அதன் கண்ணாடி மட்டும் உடைந்துகொண்டே இருக்கிறது. ஒருநாள் அதன் முன்னால் நிற்கும் ஒருவன் பேச்சுக் கொடுக்கிறான். பேசிக்கொண்டே இருக்கும்போது கேமரா ஓவியத்தை நெருங்குகிறது. அப்புறம் பார்த்தால், இரண்டு பேரும் அந்த வீட்டை நோக்கி நடந்துகொண்டிருக்கிறார்கள். இடி மின்னல், புகை எதுவும் கிடையாது. பக்கத்துத் தெருவுக்குப் போவதுபோலப் போகிறார்கள். பெரிய செலவில் எடுத்திருந்தால் இங்கே எதையாவது சேர்த்துக் கெடுத்திருப்பார்கள் என்றுதான் தோன்றியது.

உள்ளே, செத்த உயிர்களின் உடலைக் கெடாமல் பாடம் செய்து வைக்கிற ஒருவர் இருக்கிறார். இதற்கு மேல் சொன்னால் பார்க்கப்போகிறவர்கள் என்னைத் திட்டுவீர்கள்.

இதை இயக்கியவர் வெண்டி டாய். நடனத்திலிருந்து சினிமாவுக்கு வந்தவர். அன்றைய பிரிட்டிஷ் சினிமாவில் பெண் இயக்குநர்களை விரல்விட்டு எண்ணிவிடலாம். அவருடைய முதல் குறும்படம் ‘தி ஸ்ட்ரேஞ்சர் லெஃப்ட் நோ கார்ட்’ கான் திரைப்பட விழாவில் பரிசு வாங்கியது. அதன் நாயகன் ஆலன் பேடல்தான் இங்கே ஓவியத்துக்குள் கூட்டிப்போகும் ஆள். மெல்லிய குரல், ரொம்ப மரியாதை. அந்த மரியாதையில்தான் பயமே.

இரண்டாவது கதை, ஒரு பெண், இரண்டு நண்பர்கள், ஒரு கொலை. காபி போட்டுக்கொள்ள நல்ல நேரம்.

மூன்றாவது சாமர்செட் மாம் எழுதியது. வெளியுறவு மந்திரி மவுன்ட்ராகோவாக வெல்ஸ். ஓவன், வேல்ஸ் நாட்டுக்காரர், எதிர்க்கட்சி எம்.பி. அவரை நாடாளுமன்றத்தில் பேச்சாலேயே நசுக்கிவிடுகிறார் மந்திரி. அதன்பிறகு மந்திரிக்குக் கனவுகள் வருகின்றன. ஒரு கனவில் பெரிய மனிதர்கள் கூடிய விருந்துக்குக் கால்சட்டை இல்லாமல் போய் நிற்கிறார். கனவு எதுவானாலும் ஓவன் அங்கே இருக்கிறார். விழித்தபிறகு பார்த்தால், அதெல்லாம் ஓவனுக்கும் தெரியும்போல இருக்கிறது.

வெல்ஸ் வழக்கம்போல இடத்தை அடைத்துக்கொண்டு நிற்கிறார், ரசிக்கலாம். ஆனால் ஓவனாக வருவதும் அதே பேடல்தான். நடுக்கதையில் மதுக்கடைக்காரரும் அவரே. மூன்று கதையையும் கட்டி நிறுத்துபவர் இவர். போஸ்டரில் முகம் மட்டும் வெல்ஸுடையது.