பால்குடிக் குட்டிகளின் கழிச்சல்

பன்றிக் குட்டிகளின் கழிச்சலுக்கு ரோட்டா வைரஸும் காரணமாகலாம் என்றாலும், பண்ணையாளர் பெரிதும் அஞ்ச வேண்டியது, 1970களில் ஐரோப்பாவில் அறியப்பட்டு 2013இல் அமெரிக்காவையும் எட்டிய பிஇடி (பன்றிகளிடையே கொள்ளைநோயாகப் பரவும் கழிச்சல்) என்னும் நோயைத் தரும் கொரோனா வகை வைரஸுக்கே. அது சிறுகுடலின் குடலுறிஞ்சிகளை (சத்தை உறிஞ்சும் விரல் போன்ற நுண்ணிய நீட்சிகளை) மூடியிருக்கும் செல்களை அழிப்பதால், குடித்த பால் செரிக்காமல் மஞ்சள் நீராகப் பீச்சியடிக்கிறது. வாந்தியில் திரிந்த பால்கட்டிகள் தெரியும். வளர்ந்த பன்றி பெரும்பாலும் ஒரு வாரத்தில் தேறிவிடும். பிறந்து ஏழு நாள்கூட ஆகாத குட்டியோ, அழிந்த செல்களைப் புதுப்பிக்கும் வேகம் குறைவு என்பதால், நீரிழப்பிலேயே மடிகிறது. ஆன்டிபயாட்டிக் ஊசி வைரஸை ஒன்றும் செய்யாது (எத்தனை முறை சொன்னாலும் முதலில் தேடப்படுவது அதுதான்). தாய்ப்பன்றி முன்பே பெற்ற எதிர்ப்பாற்றல் சீம்பாலிலும், அதன்பின் நாள்தோறும் ஊட்டும் பாலிலும் குட்டியின் குடலைச் சென்றடைவதே உண்மையான காப்பு. உப்புக்கரைசலும் உலர்ந்த, கதகதப்பான தரையும் துணைநிற்கும். வண்டிச் சக்கரத்தில் ஒட்டிய துளிக் கழிவே அடுத்த பண்ணைக்கு நோயைக் கொண்டுசெல்லப் போதுமானது.