ஓடாமல் இருக்கப் பழகியது

பஞ்சர் கடை வாசம் சிலருக்குப் பிடிக்கும். சின்ன வயதில் எனக்கும் பிடித்திருந்தது. அப்பாவின் சைக்கிளுக்குக் காற்றடிக்கப் போனால் மூக்கை விரித்துக்கொண்டு நிற்பேன். இப்போது பைக் டயர் இறங்கினால் வண்டியைக் கடைக்காரரிடம் விட்டுவிட்டுத் தெருமுனைக்குப் போய்விடுகிறேன். அந்த வாசம் வந்தாலே ஒரு பையனின் நீலம் பாரித்த உதடு கண்முன் வந்து நிற்கும்.

சென்னையில் ஒரு பெரிய ரயில் நிலையத்தில், வீட்டை விட்டு ஓடிவரும் பிள்ளைகளோடு எனக்கு வேலை. பிளாட்பாரத்தில் தனியாகச் சுற்றும் பிள்ளையிடம் பேசி, குழந்தைகள் நலக் குழுவின் முன் கொண்டுபோய் நிறுத்தி, வீட்டிலோ ஹோமிலோ சேர்க்கும் வரை எங்கள் பொறுப்பு. காகிதத்தில் அவ்வளவுதான். சேர்ந்த புதிதில் எனக்கு அது ஒரு வேட்டை மாதிரி இருந்தது. மாதம் எத்தனை பேரை மீட்டோம் என்று ரிப்போர்ட் எழுத வேண்டும், எண்ணிக்கை குறைந்தால் மீட்டிங்கில் கேள்வி வரும். கண்ணில் பட்டவனை விடக் கூடாது என்று ஒரு வேகம்.

மூன்றாவது மாதம். பிளாட்பாரக் கோடியில், தண்ணீர்க் குழாய்க்குப் பின்னால் ஒருவன் உட்கார்ந்திருந்தான். பதின்மூன்று வயது இருக்கும். கூட்டாளிகள் அவனைச் 'சில்லறை' என்று கூப்பிடுவார்கள். எதை வாங்கினாலும் மீதியை இரண்டு தடவை எண்ணாமல் பாக்கெட்டில் போட மாட்டானாம். முகத்தில் துணியை வைத்திருந்தான். சொல்யூஷன், அதாவது போதைக்காக முகரும் பஞ்சர் ஒட்டுகிற பசை என்று தூரத்திலிருந்தே தெரிந்தது. "டேய்!" என்று கத்தினேன். எழுந்து ஓடினான். நானும் ஓடினேன், கூடவே ஒரு போர்ட்டரும். ஐம்பது அடி போயிருப்பான். கால் தடுக்கவில்லை, யாரும் தள்ளவில்லை. ஓடிக்கொண்டிருந்தவன் அப்படியே குப்புற விழுந்தான்.

நடிக்கிறான் என்றுதான் நினைத்தேன். இதை எழுத இன்றைக்கும் கூசுகிறது. திருப்பிப் போட்டால் உதடு நீலமாக இருந்தது, கண் பாதி திறந்திருந்தது. முதலில் சுதாரித்தது போர்ட்டர்தான். "சார், இது மயக்கம் இல்ல, தூக்குங்க" என்று தன் தள்ளுவண்டியில் இருந்த பெட்டிகளை இறக்கிவிட்டு அவனைக் கிடத்தினார். வண்டி ஸ்டேஷன் வாசலைத் தாண்டும்போது பையன் ஒரு தடவை இழுத்து மூச்சு விட்டான். அப்புறம்தான் எனக்கு மூச்சு வந்தது.

ஆஸ்பத்திரியில் டியூட்டியில் இருந்த டாக்டரம்மா எல்லாவற்றையும் பார்த்து முடித்துவிட்டு வெளியே வந்து ஒரே ஒரு கேள்வி கேட்டார். "யார் துரத்துனது?"

நான் கையைத் தூக்கினேன், வகுப்பில் தூக்குகிற மாதிரி.

அவர் திட்டவில்லை. திட்டியிருந்தால் மறந்துபோயிருப்பேன். நிற்க வைத்துப் பாடம் எடுத்தார். சொல்யூஷனில் டொலுயீன் போன்ற கரைப்பான் இருக்கிறது. மூச்சில் போனால் சில நொடிகளில் ரத்தத்தில் கலந்து மூளைக்கும் இதயத்துக்கும் போய்விடும். அந்த நேரத்தில் இதயத்துக்கு அட்ரினலின் ஆகாது. பயந்தாலும் ஓடினாலும் உடம்பு அட்ரினலினைத்தான் கொட்டும். இதயம் தாளம் தப்பிவிடும். ரத்தத்தைத் தள்ளாமல் சும்மா நடுங்கிக்கொண்டிருக்கும். சில நிமிடங்களில் கதை முடிந்துவிடும். வருஷக்கணக்கில் பழகியவனுக்கும் இது வரலாம், இன்றைக்குத்தான் முதல் தடவை முகர்ந்து பார்த்தவனுக்கும் வரலாம். "போலீஸைப் பார்த்து ஓடி, அப்பாவைப் பார்த்து ஓடி, பொத்துனு விழுந்து போறது இப்படித்தான். நீங்க மெதுவா நடந்து போயிருந்தா அவன் பாட்டுக்கு உக்காந்திருப்பான்."

இதொன்றும் புதுக் கண்டுபிடிப்பு இல்லை என்பது பிறகு தேடிப் படித்தபோது தெரிந்தது. மில்லார்ட் பாஸ் என்ற அமெரிக்க மருத்துவர் 1970-லேயே, அறுபதுகளில் அந்த நாட்டில் இப்படித் திடீரென்று இறந்துபோன 110 இளம்பிள்ளைகளைப் பற்றி எழுதியிருக்கிறார். முகர்ந்த கையோடு ஓடியதோ பதறியதோ பலருடைய கதையிலும் இருந்தது. எனக்கு வேலைக்குச் சேரும்போது கொடுத்த மூன்று நாள் பயிற்சியில் ரசீது எழுதுவது எப்படி என்பது வரை சொல்லிக் கொடுத்தார்கள். துரத்தாதே என்று மட்டும் யாரும் சொல்லவில்லை.

சில்லறை பிழைத்துக்கொண்டான். அதில் என் பங்கு ஒன்றும் இல்லை.

அன்றிலிருந்து நான் ஓடுவதில்லை. நடந்து போவேன், அதுவும் நேராகப் போகாமல் கொஞ்சம் சாய்வாக. பத்தடி தள்ளி உட்கார்ந்து டீயோ பன்னோ வாங்கி வைத்துக்கொள்வேன். கையில் இருப்பதைப் பிடுங்க மாட்டேன். போதை கொஞ்ச நேரத்தில் இறங்கிவிடும், அதுவரை பதற்றம் இல்லாமல் காற்றோட்டமாக இருந்தாலே போதும். நினைவு தப்பினால் ஒருக்களித்துப் படுக்க வைத்து 108-ஐக் கூப்பிட வேண்டும். எண்ணிக்கை குறைந்தது, மீட்டிங்கில் கேள்வியும் வந்தது. சரி, வரட்டும்.

பக்கத்தில் உட்கார ஆரம்பித்த பிறகுதான் பையன்கள் பேசினார்கள். ஏன்டா இதை எடுக்கிறாய் என்று கேட்டால் பதில் வராது. துன்னியாடா என்று கேட்டால் வரும். "இது அடிச்சா பசி தெரியாதுண்ணா." "ராத்திரி எவனாவது வந்து தொட்டாக்கூட தெரியாதுண்ணா." இரண்டாவதைச் சொன்னவனுக்குப் பதினோரு வயது. அதற்கு மேல் அவனிடம் அன்றைக்கு ஒன்றும் கேட்க முடியவில்லை.

உடனே கொல்லாவிட்டால் மெதுவாகத் தின்னும். ஹோமில் ஒருவன் இருந்தான், கேரம் போர்டில் ராஜா. ஸ்ட்ரைக்கரை வைத்தால் காய் தானாகக் குழிக்குள் போகிற மாதிரி இருக்கும். இடையில் ஓடிப்போய் ஒன்றரை வருஷம் கழித்து வந்தான். அதே இடத்தில் உட்கார்ந்து ஸ்ட்ரைக்கரைக் கோட்டில் வைத்தான். அது கோட்டில் நிற்கவில்லை. விரல் அப்படி நடுங்கியது. பவுடர் அதிகம் என்று சொல்லிப் போர்டைத் துடைத்தான். மறுபடி வைத்தான். எதிரே இருந்த சின்னப் பையன்கள் சிரிக்கவில்லை, அதுதான் அவனுக்குத் தாங்கவில்லை. நரம்பைச் சுற்றியிருக்கும் கொழுப்பு உறையை இந்தக் கரைப்பான் கெடுத்துவிடும் என்று அவனைப் பரிசோதித்த மருத்துவர் சொன்னார். கை நடுக்கம், நடையில் தள்ளாட்டம், காது மந்தம் எல்லாம் அதனால்தானாம். நிறுத்தினால் கொஞ்சம் தேறலாம், எல்லாம் திரும்பி வரும் என்று சொல்ல முடியாது.

இன்னொருவன் ஒரு நாள் காலையில் பாயை விட்டு எழவே இல்லை. கால் வரவில்லை என்றான். சோம்பேறித்தனம் என்று வார்டன் தண்ணீர் தெளித்தார். பழைய பாடம் ஞாபகம் இருந்ததால் நான் நம்பினேன். ரத்தப் பரிசோதனையில் பொட்டாசியம் தரைமட்டம். டொலுயீன் சிறுநீரகத்தைக் கெடுத்துப் பொட்டாசியத்தை வெளியேற்றிவிடுமாம், தசைக்கு வலுவே இருக்காதாம். ஏற்றியதும் இரண்டு நாளில் நடந்தான்.

தெருப் பிள்ளைகள் விவகாரம் என்று இதைத் தள்ளிவிட முடியாது. வீட்டில் இருக்கும் பிள்ளைகள் எழுத்தை அழிக்கும் ஒயிட்னரை முகர்கிறார்கள். ஒரு அம்மா போனில் சொன்னது: "எங்க பையனுக்கு எந்தக் கெட்ட பழக்கமும் இல்ல சார். ஒயிட்னர் மட்டும்தான்." அந்த 'மட்டும்தான்' எனக்கு இன்னும் காதில் இருக்கிறது. வாயைச் சுற்றித் தடிப்பு, சட்டைக் கையில் வெள்ளைக் கறை, நோட்டில் ஒரு திருத்தம்கூட இல்லை, பையில் ஆறு ஒயிட்னர். எல்லாவற்றையும் அவரே பார்த்திருந்தார்.

2012-இல் ஒயிட்னரையும் அதை இளக்கும் தின்னரையும் பாட்டிலில் அடைத்துச் சில்லறையில் விற்க மத்திய அரசு தடை போட்டது. பேனா வடிவத்துக்கு அந்தத் தடை இல்லை. ஆனால் சொல்யூஷன் இல்லாமல் பஞ்சர் ஒட்ட முடியாதே. போதைப்பொருள் சட்டத்தின் பட்டியலிலும் இது கிடையாது. அதனால் போலீஸ் ஸ்டேஷனுக்குப் போனால் "கஞ்சா இல்லையே சார், எந்த செக்‌ஷன்ல போடுறது?" என்பார்கள். 2019-இல் வெளியான எய்ம்ஸ் ஆய்வில் கஞ்சா, மது எல்லாவற்றிலும் பெரியவர்கள்தான் முன்னால் இருக்கிறார்கள். முகரும் பொருளில் மட்டும் தலைகீழ்: பிள்ளைகளில் 1.17 சதவீதம், பெரியவர்களில் 0.58. உதவி தேவைப்படும் பிள்ளைகள் 4.6 லட்சம் பேர் என்று அதில் இருக்கிறது. பதினெட்டு வயதுக்குக் கீழே உள்ளவனைச் சேர்த்துக்கொள்ளும் மறுவாழ்வு மையத்துக்கு நான் எத்தனை போன் போட்டிருப்பேன் என்று கணக்கில்லை. "பெரியவங்க வார்டுதான் சார் இருக்கு."

எங்கள் ஸ்டேஷன் பின்பக்கம் ஒரு பெரியவர் சைக்கிள் கடை வைத்திருக்கிறார். பையன்கள் சொல்யூஷன் கேட்டு வந்தால் விரட்ட மாட்டார். "வண்டியக் கொண்டா, நானே ஒட்டித் தரேன், காசு வேணாம்" என்பார். டியூபைத் தன் சட்டைப் பையில்தான் வைத்திருப்பார். இதற்காக அவரை யாரும் எந்தப் பயிற்சிக்கும் கூப்பிட்டதில்லை.

போன மாதம் புதிதாகச் சேர்ந்த தம்பி ஒருவன் என்னோடு சுற்றில் வந்தான். அதே தண்ணீர்க் குழாய்ப் பக்கம் ஒரு பையன். எங்களைப் பார்த்ததும் எழுந்தான். தம்பி பாயப் போனான், நான் அவன் சட்டையைப் பின்னாலிருந்து பிடித்துக்கொண்டேன். "அண்ணா, போறான்!" "போகட்டும்டா." பையன் இருபதடி ஓடித் திரும்பிப் பார்த்தான். யாரும் வரவில்லை. நடந்தான். மறுபடி பார்த்துவிட்டுத் தூணுக்கு அந்தப் பக்கம் உட்கார்ந்தான்.

மூன்று டீ வாங்கினோம். மூன்றாவதை பெஞ்சின் ஓரத்தில் வைத்துவிட்டுச் சிமென்ட் விலை, கிரிக்கெட் என்று ஏதேதோ பேசிக்கொண்டிருந்தோம். நன்றாக ஆறிப்போன பிறகுதான் வந்து எடுத்தான்.